இரண்டு மல்லியும் ஒரே டம்ளரில்: கழுவிய எத்தியோப்பியக் காபிக்கு ஒரு முதல் வழிகாட்டி

என் முதல் பொட்டலத்தை நான் வீணடித்துவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பெட்டியைத் திறந்து, "உனக்குத்தான் காபி என்றால் உயிராயிற்றே" என்று கையில் கொடுத்த கால் கிலோ அது. யிர்காசெஃபே என்ற எத்தியோப்பிய ஊரின் பெயரும், கழுவியது என்ற சொல்லும் மேலே எழுதியிருந்தன. நான் அதை மைய அரைத்து, பித்தளை பில்டரில் போட்டு அழுத்தி, இறங்கிய டிகாஷனில் நல்ல பசும்பாலை ஊற்றினேன். நிறமே வரவில்லை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "பால் திரிந்துபோயிருக்கிறது, கொட்டிவிடு" என்றார்.

பால் திரியவில்லை. அந்தக் காபியே அப்படித்தான். அது புரிய எனக்கு இன்னும் இரண்டு பொட்டலம் செலவானது. உங்களுக்கு ஒன்றோடு முடியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மூக்கு

காபி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒரு பயிற்சி இருக்கிறது. செலவு கிடையாது. அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஏழெட்டுத் தனியாவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்குங்கள். முகருங்கள். முதலில் சாம்பார்தான் நினைவுக்கு வரும், அது பழக்கதோஷம். அதை ஒதுக்கிவிட்டு இரண்டாவது முறை நிதானமாக முகர்ந்தால், மசாலாவோடு சம்பந்தமே இல்லாத ஒரு வாசனை பிடிபடும். கொஞ்சம் எலுமிச்சைத் தோல், கொஞ்சம் பூ.

அந்த வாசனைக்குக் காரணம் லினலூல் என்ற சேர்மம். தனியா எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். மல்லிகைப் பூவிலும் அது இருக்கிறது. எர்ல் கிரே தேநீருக்கு மணம் கொடுக்கும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோலிலும் இருக்கிறது. தேயிலையில் உண்டு, காபியிலும் உண்டு. கழுவிய எத்தியோப்பியக் காபியைக் குடித்தவர்கள் திரும்பத் திரும்ப மல்லிகை, பெர்கமாட், எலுமிச்சை, கறுப்புத் தேநீர் என்று சொல்வது கவிதைக்காக மட்டும் அல்ல. இவை ஓரளவுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். தமிழில் அந்தப் பூவுக்கும் மல்லி என்று பெயர், இந்த விதைக்கும் மல்லி என்று பெயர். தற்செயலாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல் இது.

நாரத்தை இலை கிடைத்தால் அதையும் கிள்ளி முகர்ந்து வையுங்கள். வேப்பிலைக்கட்டி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குப் பெர்கமாட் எப்படி இருக்கும் என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பொட்டலத்தின் மேல் "மல்லிகை, பீச், எலுமிச்சை" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து எசன்ஸ் கலந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எதுவும் கலப்பதில்லை. சுவைத்துப் பார்த்தவர் தனக்கு நினைவுக்கு வந்ததை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். உங்களுக்கு வேறு ஏதாவது நினைவுக்கு வந்தால் அதுவும் சரிதான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாம் காபியை எடைபோடுவது திக்காக இருக்கிறதா, கசப்பு நாக்கில் நிற்கிறதா என்ற இரண்டு கேள்விகளால். இந்தக் காபி அந்த இரண்டிலும் தோற்றுப்போகும். மெல்லியதாக இருக்கும், கசப்பு அநேகமாக இருக்காது, புளிப்பு இருக்கும். நல்ல தேயிலையைப் பால் சேர்க்காமல் குடிக்கும்போது நாக்கு எதைத் தேடுமோ அதை இங்கே தேடுங்கள்.

கழுவியது என்றால் என்ன?

எத்தியோப்பிய வீடுகளில் விருந்தினர் வந்தால் பச்சைக் கொட்டையைக் கழுவி, அவர் கண்முன்னே கரி அடுப்பில் வறுத்து, இடித்து, ஜெபெனா என்ற மண் கூஜாவில் காய்ச்சி, கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களில் மூன்று சுற்று ஊற்றுவார்கள். அந்தக் கழுவல் வேறு. பொட்டலத்தில் இருக்கும் "கழுவியது" என்ற சொல், பழத்திலிருந்து விதையைப் பிரித்த விதத்தைச் சொல்கிறது.

காபிக் கொட்டை என்பது ஒரு சிவப்புப் பழத்தின் விதை. மேலே தோல், அதனடியில் இனிப்பான வழவழப்பு, அதற்குள் உமி, உமிக்குள் விதை. பழத்தை அப்படியே காயவைத்து உடைத்தெடுப்பது உலர்முறை. எத்தியோப்பியாவின் பழைய வழி அதுதான். வாரக்கணக்கில் சதையோடு ஒட்டிக் காய்வதால் ஸ்ட்ராபெரி, ஒயின் போன்ற சுவைகள் விதையில் ஏறும். கழுவும் முறை அங்கே வேரூன்றியது 1970களில்தான்.

நாட்டின் தெற்கே கெடியோ என்ற மலைப்பகுதியில் யிர்காசெஃபே இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் காபி விளையும் உயரம் ஏறத்தாழ 1,700 முதல் 2,200 மீட்டர் வரை. எஸ்டேட்டைக் கற்பனை செய்யாதீர்கள். பெரும்பாலும் வீட்டுக் கொல்லைதான். வாழையைப் போலவே இருக்கும், ஆனால் பழத்துக்காக அல்லாமல் தண்டுக்காகவும் கிழங்குக்காகவும் வளர்க்கப்படும் என்செட் என்ற செடியின் நடுவே காபிச் செடிகள் நிற்கும். கெடியோ மக்களின் இந்தக் கலப்பு வேளாண் நிலத்தை யுனெஸ்கோ 2023இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அக்டோபர், நவம்பர் தொடங்கி ஜனவரி வரை பறிப்பு. பறித்த பழத்தை அன்றைக்கே கழுவும் நிலையத்தில் கொண்டுபோய் எடைபோட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நிலையத்துக்கு நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பழம் வந்து சேரும்.

அங்கே இயந்திரம் தோலை உரித்துத் தள்ளும். வழவழப்போடு இருக்கும் விதைகளைத் தொட்டி நீரில் ஊறப்போடுவார்கள். மலைக் குளிரைப் பொறுத்து 36 மணி நேரம், சில இடங்களில் 72 மணி நேரம்கூட. நொதித்து வழவழப்பு கரைந்ததும் நீளமான வாய்க்காலில் நீரோடு விட்டு, மரத் துடுப்புகளால் தள்ளித் தள்ளிக் கழுவுவார்கள். விதைநெல்லை நீரில் போட்டால் பதர் மிதக்கும், நல்ல நெல் அடியில் தங்கும் அல்லவா, அதே கணக்குதான். கனமான விதை தங்கும், லேசானது முன்னால் ஓடிவிடும். பிறகு நல்ல நீரில் மறுபடி ஊறல். அதன்பின் மரக்கால்களில் நிற்கும் பரண்களில் பரப்பி 10 முதல் 15 நாள் உலர்த்துவார்கள். உச்சிவெயிலில் மூடுவார்கள், இரவுப் பனிக்கும் மூடுவார்கள். பரணின் இரு பக்கமும் பெண்கள் நின்று, ஓட்டை விழுந்ததையும் நிறம் கெட்டதையும் கையால் பொறுக்கி எறிவார்கள். ஈரப்பதம் 11 சதவீதத்தை ஒட்டி இறங்கியதும் மூட்டை கட்டுவார்கள்.

சதையின் சுவை இப்படிக் கழன்றுபோவதால் விதைக்குள் இருப்பது மட்டும் கோப்பைக்கு வருகிறது. பூவாசனை தெளிவாக வருவதும் அதனால்தான். ஒரு சொத்தைக் கொட்டை தப்பிவிட்டால் அதுவும் தெளிவாகவே தெரியும்.

நம் காபித்தூள் கடைகளில் "பிளான்டேஷன் ஏ" என்று கேட்டு வாங்குகிறோமே, அதுவும் கழுவிய அராபிகாதான். நன்றாகக் கருக வறுத்துச் சிக்கரியும் சேர்ப்பதால் அதன் முகம் நமக்குத் தெரிவதில்லை. இந்தியாவில் வளரும் செலக்‌ஷன் 9 என்ற ரகத்தின் பெற்றோரில் ஒன்று தஃபாரிகேலா என்ற எத்தியோப்பியச் செடி. எத்தியோப்பியக் காபி கைக்கு எட்டாதவர்கள், குறைவாக வறுத்த செலக்‌ஷன் 9 கிடைத்தால் அதில் கைபழகலாம். அதே சுவை வராது, ஆனால் திசை அதுதான்.

பொட்டலத்தைப் படித்து வாங்குவது

முதலில் பாருங்கள், வறுத்த தேதி இருக்கிறதா? "இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்" மட்டும் இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். குறைவாக வறுத்த கொட்டைக்கு வறுத்தபின் பத்து நாளாவது ஓய்வு வேண்டும். அதற்கு முன் உள்ளே தங்கிய வாயு வெளியேறிக்கொண்டே இருப்பதால் நீர் சரியாக ஏறாது. பத்தாம் நாளிலிருந்து ஐந்தாறு வாரம் வரை நல்ல காலம். கொட்டையின் மேல் எண்ணெய் பளபளத்தால் அதிகம் வறுத்தாயிற்று என்று அர்த்தம். பூவெல்லாம் புகையாகப் போயிருக்கும். கொட்டையாகவே வாங்குங்கள், பொடியாக வேண்டாம். முதல் தடவைக்கு 100 கிராம் போதும்.

அடுத்தது ஊர்ப்பெயர். யிர்காசெஃபே என்றால் பூ, எலுமிச்சை, தேநீர். பக்கத்திலுள்ள சிடாமாவில் அந்தப் புளிப்போடு வாயில் கொஞ்சம் கனமும் சேரும். அது 2020இல் தனி மாநிலமானதால் பழைய வரைபடத்தில் வேறு மாதிரி இருக்கும். குஜி என்றால் பீச், ஆப்ரிகாட் பக்கம் சாயும் இனிப்பு. மேற்கேயுள்ள லிமு புளிப்பு அடங்கிய, சாதுவான காபி. இதெல்லாம் குத்துமதிப்புதான். மலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. கெடியோவின் கெடெப்பில் விளைந்ததையும் எல்லைக்கு அப்பால் குஜியில் விளைந்ததையும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. முதல் முறை வாங்குபவர் யிர்காசெஃபேயில் தொடங்குவது நல்லது. குணம் அங்கேதான் தூக்கலாக இருக்கிறது.

ஊருக்குக் கீழே வொரெடா பெயர் இருக்கலாம், நம் தாலுகா மாதிரி: கோச்செரே, கெடெப், வெனாகோ. அதற்கும் கீழே கெபெலே, ஊராட்சி அளவு. அதற்கும் கீழே கழுவும் நிலையத்தின் பெயர். இந்த விவரம் எப்போதும் இருந்ததில்லை. 2008இல் எத்தியோப்பியச் சரக்குப் பரிவர்த்தனைச் சந்தை தொடங்கியபின் பெரும்பாலான காபி அதன் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே பகுதியும் தரமும் மட்டும் எழுதி மூட்டைகளை ஒன்றாக்கிவிடுவார்கள், நிலையத்தின் பெயர் தொலைந்துபோகும். கூட்டுறவுச் சங்கங்களின் காபி போன்றவைதான் தப்பின. 2017இல் விதிகள் தளர்ந்த பிறகு பெயர்கள் திரும்ப வந்தன. எனவே நிலையத்தின் பெயர் அச்சிட்டிருந்தால், யாரோ அக்கறை எடுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

ரகம் என்ற இடத்தில் "ஹெய்ர்லூம்" (பாரம்பரிய ரகம்) என்று எழுதியிருந்தால் "எங்களுக்குச் சரியாகத் தெரியாது" என்று மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். குருமே, தேகா, வோலிஷோ என்பவை உள்ளூர்ப் பெயர்கள். 74110, 74112 போன்ற எண்கள் இருந்தால் அவை ஜிம்மா ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்த செடிகள். 1970களின் தொடக்கத்தில் காபிக்காய் நோய் பரவியபோது, அதைத் தாங்கி நின்ற தாய்ச்செடிகளைத் தேடிப்போய் எடுத்தார்கள். முதல் இரண்டு இலக்கம் 1974ஆம் ஆண்டு.

கிரேடு 1, கிரேடு 2 இரண்டுமே நல்லவை. ஸ்பெஷாலிட்டி, அதாவது உயர்தரக் காபி, என்ற சொல்லுக்குச் சுவைத் தேர்வில் நூற்றுக்கு 80 மதிப்பெண் என்பது வழக்கமான வாசல். 86, 87 என்று போட்டு விலை ஏற்றியிருப்பதற்கெல்லாம் முதல் மாதத்தில் மயங்க வேண்டாம்.

முதல் நாள்: ஒரு டம்ளர், இரண்டு கரண்டி

எல்லா வழிகாட்டிகளும் முதலில் கருவி வாங்கச் சொல்லும். நான் வேண்டாம் என்கிறேன். காபியைத் தரம் பார்ப்பவர்கள் பயன்படுத்தும் வழியே வீட்டுக்குப் போதுமானது. உங்கள் கைவண்ணம் குறுக்கே வராது என்பதால், இந்தக் காபியின் இயல்பு என்ன என்று அதில்தான் நன்றாகத் தெரியும்.

11 கிராம் கொட்டையை ரவை பதத்துக்கு அரையுங்கள். மாவாக வேண்டாம். அரைத்த உடனே முகர்ந்துவிடுங்கள். மல்லிகை அதிகமாக இருப்பது இந்தப் பத்து விநாடியில்தான். கண்ணாடி டம்ளரிலோ பீங்கான் கிண்ணத்திலோ பொடியைப் போட்டு, கொதித்து அரை நிமிடம் அடங்கிய நீரை 200 மில்லி ஊற்றுங்கள். கிளறாதீர்கள். மேலே பொடி ஆடையாகக் கட்டும். நான்கு நிமிடம் கழித்து மூக்கை டம்ளரின் விளிம்புக்குக் கொண்டுபோய், கரண்டியின் பின்பக்கத்தால் அந்த ஆடையை மூன்று முறை தள்ளி உடையுங்கள். உள்ளே அடைபட்டிருந்த ஆவி ஒரே மூச்சில் மேலே வரும். தனியாவை நசுக்கிய அந்த உள்ளங்கை அப்போது நினைவுக்கு வராவிட்டால் கொட்டை பழையது. மிதக்கும் நுரையை இரண்டு கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

காத்திருப்பதுதான் கடினம். பத்தாவது நிமிடத்தில் முதல் கரண்டி. சூடான ரசத்தை உறிஞ்சுவது போலச் சத்தத்தோடு உறிஞ்சுங்கள். காற்றோடு கலந்து போனால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். இப்போது எலுமிச்சை மட்டும் தெரியும். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். இன்னும் ஐந்து நிமிடம் விடுங்கள். வெதுவெதுப்புக்கு வரும்போது புளிப்பின் முனை மழுங்கி, அதன் பின்னால் தேன் போன்ற ஒரு இனிப்பும், சில பொட்டலங்களில் கொடைக்கானல் பீச்சின் சதையும் வரும். அறைச்சூட்டுக்கு ஆறியபின் கடைசி வாய் கறுப்புத் தேநீர்: நாக்கின் ஓரங்களில் மெல்லிய துவர்ப்பு, விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் பூ. சூடாக இருக்கும்போதே குடித்து முடிக்கும் நம் பழக்கத்தால் இந்தக் காபியில் பாதியை நாம் சந்திப்பதே இல்லை.

ஒருநாள் ஆறிய டம்ளர் ஒன்றை அம்மாவிடம் காபி என்று சொல்லாமல் நீட்டினேன். "தேயிலை நன்றாக இருக்கிறது, எந்தக் கடை?" என்று கேட்டார். சொன்ன பிறகு நம்பவில்லை.

பிடித்துவிட்டால், கூம்பு

ஒரு வாரம் டம்ளரிலேயே குடித்தும் அலுக்கவில்லை என்றால் மூன்று பொருள் வாங்கலாம்: வி60 போன்ற காபி வடிக்கும் கூம்பு, அதற்கான வடிதாள், கிராம் காட்டும் சமையலறைத் தராசு. மெல்லிய மூக்குள்ள கெண்டி இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. பணம் செலவழிப்பதாக இருந்தால் அரைக்கும் கருவியில் செலவழியுங்கள். மிக்ஸி கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும். பாதி தூசு, பாதி நொய். கையால் சுற்றும் நல்ல அரவைக்கருவி இந்தக் காபிக்கு எதைவிடவும் முக்கியம். எத்தியோப்பியக் கொட்டை சிறியது, கெட்டியானது. அரைக்கும்போது மற்றக் கொட்டைகளைவிடத் தூசு அதிகம் விடும். அந்தத் தூசு தாளின் துளையை அடைத்துக்கொள்ளும். ஆகவே மற்ற ஊர்க் காபிக்கு வைக்கும் அளவைவிட ஒரு பல் கரகரப்பாக வைத்துத் தொடங்குங்கள்.

நீர் பற்றி ஒரு வார்த்தை. போர்வெல் நீரில் உள்ள பைகார்பனேட் காபியின் அமிலத்தை விழுங்கிவிடும். எலுமிச்சை இருந்த இடத்தில் சுண்ணாம்பு நிற்கும். ஆர்.ஓ. நீர் சிலவேளை அதற்கு நேர்மாறாக வெறுமையாக இருக்கும். மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை உள்ள நீர் கிடைத்தால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டால் ஆர்.ஓ. நீரில் கொஞ்சம் குழாய் நீரைக் கலந்து நாக்கால் சரிபாருங்கள்.

15 கிராம் பொடி, 250 கிராம் நீர். தாளைக் கூம்பில் வைத்துச் சுடுநீரால் ஒருமுறை நனைத்து, அந்த நீரைக் கொட்டுங்கள். இல்லாவிட்டால் காகித வாசனை. பொடியைப் போட்டுச் சமமாகத் தட்டி, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கடிகாரத்தை ஓடவிடுங்கள். நீரின் சூடு 94 முதல் 96 டிகிரி. அதாவது கொதி அடங்கியவுடன்.

முதலில் 45 கிராம் நீர், பொடி முழுதும் நனையும்படி. பொடி உப்பும், குமிழ் விடும். 40 விநாடி பொறுங்கள். பிறகு நடுவிலிருந்து வெளியே மெதுவாகச் சுற்றி ஊற்றி 150 கிராம் வரை வாருங்கள். நீர்மட்டம் பாதியாக இறங்கியதும் மீதியை ஊற்றி 250இல் நிறுத்துங்கள். இதற்குள் 1 நிமிடம் 45 விநாடி ஆகியிருக்க வேண்டும். தாளின் ஓரத்தில் ஊற்றினால் நீர் பொடியைத் தொடாமலே நழுவிவிடும். கூம்பை ஒருமுறை லேசாகச் சுழற்றிவிட்டுச் சும்மா இருங்கள். 2 நிமிடம் 45 விநாடியிலிருந்து 3 நிமிடம் 15 விநாடிக்குள் வடிந்து முடிந்தால் வேலை சரி.

சரியாக வராதபோது

நான்கு நிமிடம் தாண்டியும் சொட்டிக்கொண்டே இருந்தால் தாள் அடைத்துவிட்டது. சுவை வறட்டுத் துவர்ப்பாக, அதிக நேரம் கொதித்த தேயிலை போல இருக்கும். இன்னும் கரகரப்பாக அரையுங்கள், உயரத்திலிருந்து ஊற்றாதீர்கள், குறைவாகச் சுழற்றுங்கள்.

புளிப்புத்தான் பலரைக் குழப்புகிறது. தமிழ் நாக்குக்குப் புளிப்பில் பிரிவுகள் தெரியும், அதைப் பயன்படுத்துங்கள். பல் கூசும் பச்சை மாங்காய்ப் புளிப்பு, பின்னால் இனிப்பே இல்லாமல் சப்பென்று முடிந்தால் சாறு முழுதாக இறங்கவில்லை: பொடியை நைசாக்குங்கள் அல்லது நீரின் சூட்டைக் கூட்டுங்கள். சாத்துக்குடியோ கமலா ஆரஞ்சோ கடித்தது போல எச்சில் ஊறவைத்து, பின்னாலேயே இனிப்பு வந்தால் அதுதான் அந்தக் காபி. அதைத் திருத்தப் போகாதீர்கள்.

மணமும் இல்லை, புளிப்பும் இல்லை, பழைய சாக்கு வாசனை என்றால் குற்றம் உங்களுடையதல்ல. ஜனவரியில் முடியும் அறுவடை, உமி நீக்கி, தரம் பிரித்து, கப்பலேறி வந்து சேரச் சில மாதங்கள் ஆகும். ஆண்டின் நடுவில்தான் புதுச்சரக்கு பரவலாகக் கிடைக்கும். மார்ச், ஏப்ரலில் வாங்குவது பெரும்பாலும் போன அறுவடை.

பால் சேர்க்கலாமா என்று எப்போதும் கேட்கிறார்கள். சேர்க்கலாம், சட்டம் ஒன்றும் இல்லை. என் அம்மா சொன்னதுதான் நடக்கும். சர்க்கரை வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை. எத்தியோப்பியாவிலேயே சர்க்கரை போட்டுக் குடிக்கிறவர்கள் ஏராளம், சில பகுதிகளில் உப்பும் வெண்ணெயும்கூட. அங்கே வீட்டில் வறுப்பது நாம் இங்கே பேசும் இளவறுவலைவிடக் கறுப்பாகவே இருக்கும். விளைச்சலில் பாதியளவை அவர்களே குடித்துவிடுகிறார்கள், அவர்கள் விருப்பப்படி.

மீந்துபோன காபியைச் சூடுபடுத்தாதீர்கள். மூடி குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மதியம் இரண்டு பனிக்கட்டி போட்டுக் குடியுங்கள். மே மாதத்தில் நான் அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறேன்.